பழைய வீட்டை விற்கும் முன் சமையலறையை இடிக்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: பெற்றோர் வாழ்ந்த வீடு, 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. சமையலறை அன்று போட்டது அப்படியே இருக்கிறது. பழுப்பு லேமினேட் கதவுகள், பூப்போட்ட டைல்ஸ், மங்கிப்போன மேடை. விற்பதற்கு முன் மொத்தமாக இடித்துப் புதிதாகப் போடுவதா, இருக்கிறபடியே விட்டுவிடுவதா? பழைய அடுப்பு, சிம்னி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் வீட்டோடு விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இடிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். விற்பனைக்கு வரும் பழைய வீடுகளைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. பூப்போட்ட டைல்ஸ் வாங்க வருபவருக்குப் பிடிக்காமல் போகலாம். “சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று மனசுக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். சிங்குக்கு அடியில் தண்ணீர் பட்டு உப்பிப்போன பலகையைப் பார்த்தால் அப்படி நகர மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே இப்படி என்றால் சுவருக்குள் இருக்கும் குழாய் என்ன லட்சணத்தில் இருக்குமோ என்று யோசிக்க ஆரம்பிப்பார். அதற்கு அவர் கழிக்கும் தொகைக்கு அளவே கிடையாது. ஆகவே உங்கள் பணமும் உழைப்பும் சந்தேகத்தைக் கிளப்பும் இடங்களுக்குத்தான் போக வேண்டும். ரசனை சம்பந்தப்பட்டதை வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: யார் வாங்கப் போகிறார்கள்? சுற்றியுள்ள பழைய வீடுகளெல்லாம் இடிக்கப்பட்டுப் புதுக் கட்டடங்கள் எழும்பும் இடமாக இருந்தால், உங்கள் வீட்டை வாங்குபவர் மனைக்குத்தான் விலை பேசுவார். அப்போது குப்பையை அகற்றி, பத்திரங்களைச் சரியாக வைத்துக்கொண்டு, பைசா செலவில்லாமல் விற்றுவிடுங்கள். குடியேற நினைப்பவர்தான் வருவார் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

முழுச் சமையலறையையும் மாற்றுவது ஏன் வேண்டாம் என்கிறேன்? அதிகம் செலவாவது அங்கேதான். ஆளுக்கு ஆள் விருப்பம் மாறுவதும் அங்கேதான். நீங்கள் பளபளப்பான வெள்ளைக் கதவு போட்டு வைத்தால், மரநிறம் கேட்பவர் அதற்குக் கூடுதலாகக் கொடுக்க மாட்டார். செலவையும் விற்பனையில் திரும்பக் கிடைப்பதையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளிவரும் அறிக்கைகளிலும், சமையலறையைச் சிறிய அளவில் சீரமைப்பது, மொத்தமாகப் பெயர்த்துச் செய்வதைவிடப் போட்ட காசில் அதிகப் பங்கைத் திருப்பித் தருவதாகவே பல வருடங்களாகக் காட்டப்பட்டு வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சமையலறை பழசாகத் தெரிவதற்கும், அதன் அமைப்பு தப்பாக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் வரைந்து பார்க்கும் கணக்கை 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள், மூன்றையும் கூட்டினால் 13 முதல் 26 அடிக்குள் இருந்தால் வேலை செய்ய வசதி என்பது அதன் சாரம். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். கணக்கு ஒத்துப்போனால் உங்கள் சமையலறையின் எலும்புக்கூடு நன்றாக இருக்கிறது, தோல்தான் மங்கியிருக்கிறது என்று அர்த்தம். தோலைச் சரிசெய்ய இடிக்க வேண்டியதில்லை.

வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். எங்கெல்லாம் ஓதம் ஏறியிருக்கிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று ஒரு சுற்றுப் போங்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால், உள்ளே ஈரம் ஓடி, சிமென்ட்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பை வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று பொருள். ஈரம் வரும் வழியை அடைக்காமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் அது கொப்புளித்துப் பெயர்ந்துவிடும். அதற்குள் விற்றுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் சட்டப்படி வழக்குக்கு இடம் கொடுக்கும். தவிர, அனுபவமுள்ளவர் கண்ணுக்கு, மற்ற சுவரெல்லாம் பழசாக இருக்க ஒரு மூலை மட்டும் புதுப் பெயின்ட்டோடு இருப்பது ஓதத்தைவிடப் பளிச்சென்று தெரியும். ஒழுக்கை நிறுத்துங்கள், சுவரைக் காயவிடுங்கள், பெயர்ந்த பூச்சைச் சுரண்டிப் பூசுங்கள். நின்றுபோன பழைய ஒழுக்கின் பழுப்புக் கறை சாதாரணப் பெயின்ட்டுக்கு மேலே ஊறி வரும். கறையை அடைக்கும் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும்.

சிங்க் அடிப் பலகை உப்பியிருந்தால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எந்தத் தச்சருக்கும் சின்ன வேலை. குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது என்றால் உடனே புதுக் குழாய் வாங்கப் போக வேண்டாம். நுனியில் இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றி, சுண்ணாம்புப் படிவு கரையும்வரை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதே வினிகர் பளிங்குக்கல் மேடையில் சிந்திவிடக் கூடாது. பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் அமிலம் பட்டால் அரிக்கும், மங்கலான தடம் அப்படியே தங்கிவிடும்.

இனி சமையலறைக் கதவுகள். வருபவர்கள் அலமாரிக் கதவைத் திறந்து பார்ப்பார்கள், டிராயரை இழுத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு மூன்று நொடியில் கைக்குக் கிடைக்கும் உணர்வு, பத்து நிமிடம் கண்ணால் பார்ப்பதைவிட ஆழமாகப் பதியும். கதவு தொங்கிப்போய் பக்கத்துக் கதவோடு உரசுகிறதா? உள்பக்கம் 35 மி.மீ. வட்டக் குழியில் உட்கார்ந்திருக்கும் கீல் என்றால் அதில் சரிசெய்யும் திருகுகள் இருக்கும். ஒன்று கதவை இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று உள்ளே வெளியே தள்ளும். மேலே கீழே நகர்த்த, கீல் உட்கார்ந்திருக்கும் தகட்டின் திருகுகளைத் தளர்த்தி ஏற்றி இறக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போதும். எல்லாக் கதவுகளுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி வந்துவிட்டால் அறையே நேராகிவிட்டதுபோல் இருக்கும். திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மரப்பசையில் தோய்த்த பல்குச்சிகளை ஓட்டைக்குள் அடைத்து, காய்ந்ததும் வெட்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள்.

கைப்பிடிகளை மாற்றுவது செலவு குறைந்த, பலன் அதிகமான வேலை. ஆனால் கடைக்குப் போகும் முன் பழைய கைப்பிடியின் இரண்டு திருகு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, மையத்திலிருந்து மையத்துக்கு, அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 96 மி.மீ., 128 மி.மீ. இரண்டும் அதிகம் புழங்கும் அளவுகள். அதே அளவில் வாங்கினால் புது ஓட்டை போட வேண்டாம், பழைய ஓட்டையை அடைத்த தழும்பும் இருக்காது.

லேமினேட் கதவுக்குப் பெயின்ட் அடிக்கலாமா? அடிக்கலாம், ஆனால் அவசரக்காரர்களுக்கு இது வேண்டாம். அடுப்பைச் சுற்றியுள்ள கதவுகளில் வருடக்கணக்காகப் படிந்த எண்ணெய் வெறும் அழுக்காக இருக்காது. காற்றும் சூடும் பட்டு வார்னிஷ் மாதிரி இறுகியிருக்கும். அதன்மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. கிரீஸ் நீக்கும் திரவம் போட்டு ஊறவைத்து, துடைத்து, மறுபடி துடைத்து, விரல் வழுக்காத நிலை வந்த பிறகு 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் வழவழப்பான பரப்பில் பிடிக்கும் தனி பிரைமர், அதற்கும் அப்புறம் இரண்டு கோட் எனாமல். தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் உள்ளே முழுசாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நகம் பட்டாலும் கீறல் விழும். எனவே வீட்டைக் காட்டத் தொடங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது இந்த வேலை முடிந்துவிட வேண்டும். அவ்வளவு நாள் இல்லை என்றால் நன்றாகக் கழுவித் துடைத்த பழுப்புக் கதவே மேல். உரிந்து தொங்கும் வெள்ளைக் கதவைவிட அது எவ்வளவோ கௌரவம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர் உப்புத்தாளில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். பரிசோதித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். பழைய கூரைத் தகடுகளிலும் சில பழைய தரை ஓடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உடைக்கவோ துளைபோடவோ வேண்டாம்.

டைல்ஸ் விஷயத்தில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் டைல்ஸ் கிடையாது, இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இடைவெளியை அடைத்திருக்கும் கிரவுட் கறுத்துப்போனதுதான். அதைச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துப் புது கிரவுட் போட்டால் பூப்போட்ட டைல்ஸ்கூட “அந்தக் காலத்து டிசைன்” என்ற மரியாதைக்கு வந்துவிடும். மேடையும் சுவரும் சேரும் இடத்தை அடைத்திருக்கும் சிலிக்கான் பசை கறுத்திருந்தால், அதன்மேலேயே புதுசை இழுக்காதீர்கள். பழைய சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. முழுக்க அறுத்தெடுத்து, துடைத்து, காயவைத்துப் போட வேண்டும். போட்ட பிறகு ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. டைல்ஸ்மேல் ஒட்டும் ஸ்டிக்கர்கள் விற்கிறார்களே என்றால், அடுப்புச் சூட்டில் அவற்றின் ஓரம் கிளம்பும். கிளம்பிய ஓரத்தை வருபவர் நகத்தால் இழுத்துப் பார்க்காமல் போக மாட்டார், மனித சுபாவம் அது.

புதுசு வாங்கும் ஆசையில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பொருளைப் புதிதாக்கினால் பக்கத்தில் இருப்பது இன்னும் பத்து வருடம் பழசாகத் தெரியும். மங்கிய சிங்குக்கு மேலே விலையுயர்ந்த கறுப்புக் குழாயைப் பொருத்திப் பார்த்தால் புரியும். எனவே எதை மாற்றினாலும் அந்த வகையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள்: கைப்பிடி என்றால் சமையலறை முழுக்க, மஞ்சளடித்துப்போன சுவிட்ச் தகடு என்றால் அந்த அறை முழுக்க. முடியாது என்றால் ஒன்றையும் மாற்றாமல் சுத்தம் செய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே மாதிரி, நல்ல பழசை அழித்துவிடாதீர்கள். கெட்டி மரக் கதவு, ஜன்னல் சட்டம், மொசைக் தரை இவையெல்லாம் இன்று புதிதாகச் செய்தால் நிறையச் செலவாகும். மொசைக் தரையை மெஷின் வைத்து, வைரத்தூள் பதித்த பட்டைகளால் படிப்படியாக நைசாக்கி மெருகேற்றினால், அதை மூடி மேலே டைல்ஸ் ஒட்டுவதைவிட எல்லா விதத்திலும் நல்லது. டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில் எங்காவது ஒரு மூலை தட்டினால் வெற்றொலி கேட்கும். கதவுக்கு அடியிலும் இடிக்கும்.

வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய வீட்டில் ஒவ்வொரு பல்பும் ஒவ்வொரு காலத்தில் வாங்கியதாக இருக்கும். ஒரே அறையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் கலந்த வெள்ளை. அந்தக் கலவையே அறையைச் சோகமாக்கிவிடும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவு பெட்டியில் போட்டிருக்கும்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 வரை, சமையலறைக்கு 4000 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6500 வேண்டாம், அதுதான் அந்த நீலம் கலந்த வெள்ளை. நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். 90-க்கு மேல் கிடைத்தால் மரமும் கல்லும் அதனதன் நிறத்தில் தெரியும். மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை ஒட்டினால், சுவர்ப் பக்கம் ஒட்டாமல் முன் விளிம்புப் பக்கம் ஒட்டுங்கள். அப்போதுதான் மேடை முழுக்க வெளிச்சம் விழும். இதையெல்லாம் விட மலிவானது ஜன்னல் கண்ணாடியைக் கழுவி, கனத்த திரையை எடுத்துவிடுவது.

சுவர் நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். லேசாக மஞ்சள் சாய்ந்த வெள்ளை, வீடு முழுக்க ஒரே நிறம், மேற்கூரை அதைவிட வெள்ளை. மேடு பள்ளமுள்ள பழைய சுவருக்கு மினுமினுப்பில்லாத பெயின்ட் நல்லது. சமையலறைக்கு மட்டும் துடைத்தால் தாங்கும் லேசான மினுமினுப்பு இருக்கட்டும்.

வீட்டில் வாசனையை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. தினமும் புழங்கும் வாசனையை மூக்கு பழகிவிட்டுப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அந்த வீட்டுக்கே வராத ஒருவரை அழைத்து, வாசலில் நின்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணெய் வாசனை பெரும்பாலும் மேல் அலமாரியின் உச்சியிலிருந்தும் சிம்னி வடிகட்டியிலிருந்தும் வரும். வடிகட்டி அலுமினியமாக இருந்தால் சோடா மாதிரிக் காரம் போடாதீர்கள், கறுத்துவிடும்; சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பே போதும். வீடு பூட்டிக் கிடந்தால் சாக்கடை வாசனை வரும். குழாய் உடைந்துவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும், வடிகாலின் வளைவில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும்; அந்தத் தண்ணீர்தான் கீழேயிருந்து வாயு மேலே வராமல் தடுப்பது. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் பூட்டிவைப்பதாக இருந்தால் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது மெதுவாகும். வாசனைத் தெளிப்பான் அடித்துச் சமாளிக்க வேண்டாம், எதை மறைக்கிறார்கள் என்ற கேள்விதான் வரும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் குழாயும் ஒழுக்கும், பிறகு எலக்ட்ரீஷியன் வேலை, பிறகு பட்டி, பிரைமர், முதல் கோட். தரை மெருகேற்றும்போது சேறு சுவரில் தெறிக்கும், ஆகவே கடைசிக் கோட் அதற்கு அப்புறம்தான். சிலிக்கான் பெயின்ட்டுக்குப் பிறகு. எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு முழுச் சுத்தம். எலக்ட்ரீஷியன் வரும்போது 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு பிரேக்கர் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த வாங்குபவர் அதை முதலில் அழுத்திப் பார்ப்பார்.

செய்ய முடியாத பெரிய வேலை ஏதாவது இருந்தால், மொட்டைமாடி நீர்க்காப்பு என்று வையுங்கள், மறைக்காமல் ஒரு ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக் கோப்பில் வையுங்கள். எண் தெரியாத செலவை வாங்குபவர் எப்போதும் பெரிதாகவே கற்பனை செய்வார். கையில் காகிதம் இருந்தால் பேரம் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும். கடந்த வருடங்களில் செய்த பழுது வேலைகளின் ரசீதுகளும் அதே கோப்பில் இருக்கட்டும். அது இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

சாமான்களைக் குறைப்பது எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்கிறேன். ஆனால் சமையலறையில் அதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். மேடைமேல் இரண்டு மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம், அலமாரிகள் உள்ளேயும் பாதி காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் அலமாரி, “இங்கே இடம் பத்தாது” என்று சொல்லிவிடும். படம் எடுக்கும்போது பகலில், விளக்குகளையும் போட்டு, நெஞ்சு உயரத்தில் கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். அகலமாகக் காட்டும் லென்ஸால் அறையைப் பெரிதாக்கிக் காட்டினால் நேரில் வருபவர் வாசலிலேயே ஏமாற்றம் அடைவார்.

கடைசியாக, அடுப்பு, சிம்னி, ஃபிரிட்ஜ். சுவரோடு பொருத்திய சிம்னி வேலை செய்கிறது என்றால் விட்டுவிடுங்கள், கழற்றினால் ஓட்டையும் கறையும்தான் மிஞ்சும். வேலை செய்யவில்லை என்றால் சரிசெய்யுங்கள் அல்லது கழற்றிச் சுவரை மூடிப் பெயின்ட் அடியுங்கள். தனியாக நிற்கும் பழைய ஃபிரிட்ஜ், அடுப்பு இரண்டையும் வீடு காட்டும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரில் படிந்த கறுப்பு, பக்கத்தில் இருக்கும் நல்ல அலமாரியையும் அழுக்காகக் காட்டும். அவை நின்ற இடத்தின் பின்சுவரையும் தரையையும் மறக்காமல் கழுவுங்கள். எதெல்லாம் வீட்டோடு வருகிறது, எதெல்லாம் வராது என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே பெயர் போட்டு எழுதிவிடுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் சாவி கொடுக்கும் நாளில் ஒரு பழைய ஃபேனுக்காகச் சண்டை வரும்.